தண்ணிச்சாமி காரில் வராது

பிப்ரவரி 3, 2009

வலையில் மூன்று நண்டு. மூன்றும் கறுப்பு. என் மனைவி அவோபா மோந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். போன மழைக்காலத்தில் வெடித்த எண்ணெய்க் கம்பெனிக் குழாய். கச்சா எண்ணெய் இன்னும் ஆற்றில் மிதக்கிறது. குழம்புக்குச் சந்தையில் ஐஸ் மீன் வாங்குகிறோம். மீன்பிடிக்கிறவன் வீட்டில்!

பிப்ரவரி 6

கம்பெனி கட்டிய மண்டபத்துக்குத் திறப்பு விழாவாம். எங்கள் ஆற்றுச் சாமி, தண்ணிச்சாமியின் முகமூடி ஆட்டம் வேண்டுமாம். மீன்தலை முகமூடி எங்கள் வீட்டுப் பொறுப்பு என்பதால், ஊர்த்தலைவர் கரிபி என்னிடம் வந்தார்.

"ஆத்தங்கரை அசிங்கமா கெடக்குப்பா. சாமி இந்தத் தடவை ரோட்டு வழியா வரட்டும். கார் அனுப்புறேன்."

"சாமிக்கு சீட் பெல்ட்டும் போட்டு விடுவீங்களா தலைவரே?"

அவர் சிரிக்கவில்லை. "முகமூடி வேற வீட்டுக்குப் போயிரும். யோசிச்சுக்கோ."

சாமி ஆற்றிலிருந்துதான் ஏறிவரும், என்றைக்கும். காரில் வந்து ஆடினால் படம் பிடித்து, 'பாருங்கள், சாமியே வந்துவிட்டது, ஆற்றுக்கு ஒன்றுமில்லை' என்று ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அதற்கா எங்கள் முகமூடி? வயிறு எரிகிறது.

பிப்ரவரி 9

சாமி ஆற்று வழிதான் வரும் என்று அவோபாவிடம் சொன்னேன்.

"சாமிக்கென்ன, நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்குற கிறுக்கனுக்குத்தான் தோலு உரியும். போலீஸ் புடிச்சா நான் சோறு கொண்டாரமாட்டேன், ஆமா!"

சாயங்காலம் ஒரு புட்டி பனை எண்ணெய் வாங்கி வந்தாள். உடம்பில் பூச. சாமிக்காம்.

பிப்ரவரி 14

முகமூடிக்குள் யார் என்று எங்கள் ஊரில் வாயால் சொல்லக் கூடாது. நானும் எழுத மாட்டேன். நடந்தது மட்டும் —

ஆறு சுத்தமாகிவிட்டது என்று திறப்பு விழாவில் கம்பெனி மேனேஜர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது தண்ணிச்சாமி கரையேறியது. முகமூடி, துணி, கால், எல்லாம் கறுப்பாக ஒழுக. நேரே மேடைக்குப் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியது. வெள்ளைச் சட்டை போச்சு.

"தண்ணி! யாராவது தண்ணி கொண்டாங்க!"

"அதான் ஆறு இருக்கே," கூட்டத்திலிருந்து அவோபா. "சுத்தமா இருக்குன்னீங்களே சார், போய்க் கழுவுங்க!"

ஊரே சிரித்தது. என் கண் இரண்டும் எரிகிறது. எரியட்டும்.

பிப்ரவரி 15

தோள் முழுக்கக் கொப்புளம். துளி வருத்தமில்லை.

பிப்ரவரி 18

ஜீப்பில் போலீஸ். முகமூடிக்குள் இருந்தவன் பெயர் வேண்டுமாம். சந்தையில் கேட்டார்கள், சர்ச்சில் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆண்களையெல்லாம் தலைவர் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். கொப்புளத்தை முழுக்கைச் சட்டை மறைத்தது. கண் சிவப்பை எப்படி மறைக்க? ஆனால் இந்த எண்ணெய் நெடியில் ஊரில் யார் கண்தான் சிவக்கவில்லை!

"தலைவரே, நீங்க சொல்லுங்க. யாரு அவன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் வீட்டுக் கூரையே கம்பெனி போட்டுக் கொடுத்தது. கரிபி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளா? அது தண்ணிச்சாமிங்க. ஆத்துக்கே போயிருச்சு. வேணும்னா எறங்கித் தேடுங்க."

இன்ஸ்பெக்டர் ஆற்றைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.