கிரே ஹார்பர் தட்டுகள்

12.6.1966
நகராட்சிக் கூட்டச் செய்தியை மூன்று முறை எழுதியும் சரியாக வரவில்லை. பக்கத்து அறையில் பிரகாசத்தின் பாட்டுப்பெட்டி. கிரே ஹார்பர் என்று ஓர் இங்கிலாந்துக் குழுவாம். தகரக் கூரையில் செங்கல் உருட்டுவது போல் இருக்கிறது. குறைத்து வை என்றேன். "குறைச்சா அது பாட்டே இல்லப்பா" என்கிறான் மகன். மனைவி சகாயம்மாள் அடுப்படியிலிருந்து, "வட்டிலத் தட்டுனாக்கூட ஒரு தாளம் இருக்கும்" என்றாள்.

3.2.1967
நேற்றுக் கல்லூரிக்குப் போன பிரகாசம் வீட்டுக்கு வரவில்லை. சைக்கிள் ரயில் நிலையத்தில் நிற்கிறது, பூட்டியபடி. பூட்டிவிட்டுப் போனவன் திரும்பி வருவான் என்றுதானே அர்த்தம்?

19.4.1967
ஏட்டு நாகநாதன் ஆள் அனுப்பினார். கோவிலூர்ப் பக்கம் கண்மாயில் அடையாளம் தெரியாத ஆண் பிணம். செய்திக்காக இப்படி எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இன்று கரையில் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டேன். நாகநாதன் கரையிலிருந்து ஓடி வந்தார். "சார், அங்குட்டு வராதீக. நான் பாத்துட்டேன். நரைச்ச தலை. நம்ம தம்பி இல்ல."
அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து எழுதினேன்: சுமார் ஐம்பது வயது, வெள்ளை வேட்டி. அவரையும் யாரோ தேடுவார்களே என்பது செய்தியை அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

2.11.1968
கல்லறைத் திருநாள். பூசையில் வாசிப்பதற்கு இறந்தவர்களின் பெயர்களைக் கொடுக்க வேண்டும். என் அப்பா, சகாயம்மாளின் அம்மா. அவள் மெதுவாக, "அவன் பேரையும் குடுத்துருவமா? எங்க இருந்தாலும் ஒரு செபம் போய்ச் சேருமே" என்றாள்.
"நீ பாத்தியா? பாத்தவன் எவன்?" என்று கத்திவிட்டேன். உறுதி செய்யாமல் ஒரு சாவை நான் எழுதியதே இல்லை.
மாலையில் அவன் விட்டுப்போன இசைத்தட்டுகளில் ஒன்றைப் போட்டேன். எங்கே போக நினைத்தான் என்று அதில் ஏதாவது இருக்குமா? இல்லை. இரைச்சல்தான்.

20.1.1969
மறுபடி கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் ஒரு கிதார் தனியாக நடந்து போகிறது.

7.8.1970
பள்ளத்தூர் முத்துக்கருப்பன் செட்டியார் பினாங்கிலிருந்து வந்திருக்கிறார். நான் சொல்லியனுப்பியிருந்தபடி கிரே ஹார்பரின் புதுத் தட்டைக் கொண்டுவந்தார்; வெளிவந்து சில மாதங்களே ஆகின்றன. "இந்த வயசுல நீங்களும் முடி வளக்கப் போறீகளா?" என்று சிரித்தார். மகன் வந்தால் கேட்பான் என்றேன். அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.
சகாயம்மாள் தட்டைத் தொடக்கூட இல்லை. "இந்தச் சத்தந்தான் அவனக் கூட்டிட்டுப் போச்சு. அதுல இன்னொண்ணு வேறயா?"

11.3.1972
புதுத் தட்டின் இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. டிரம் இல்லை. ஒருவன் மட்டும் பாடுகிறான். நடுவில் மூச்சு வாங்குவது கேட்கிறது. முள்ளை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி.
பெட்டியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு நேரமும் பிரகாசத்தை நான் நினைக்கவே இல்லை.
என்ன மனுசன் நான்? பெத்த மவனக் காணோம் — எனக்குப் பாட்டுக் கேக்குதா?

12.3.1972
பெட்டியைத் துணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

30.3.1972
இறக்கிவிட்டேன்.

2.11.1975
சகாயம்மாள் பூசைக்குப் பெயர்கள் கொடுக்கக் கிளம்பினாள். என்னிடம் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. நாகநாதன் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பிணம் என்று இப்போது யாரும் எனக்கு ஆள் அனுப்புவதில்லை.
பூசையில் பங்குச்சாமியார் வாசித்தார். என் அப்பா. அவள் அம்மா. அருள்பிரகாசம். எல்லாப் பெயர்களையும் வாசித்த அதே குரலில்தான் அதையும் வாசித்தார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.
வீட்டுக்கு வந்ததும் சகாயம்மாள் பெட்டியின் அருகே தரையில் உட்கார்ந்தாள். "அவனுக்குப் புடிச்சதப் போடுங்க. நானும் கேக்குறேன்."
கை தானாக எடுத்த தட்டைப் போட்டேன். இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. கண்ணை மூடிக் கேட்டாள்.
"நல்லாத்தான இருக்கு. இதுக்கா அவன அப்புடித் திட்டுனோம்?"
இதற்கு இல்லை. அவன் போய் மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்த பாட்டு இது. இந்த வீட்டில் அவன் இதைக் கேட்டதில்லை. உறுதியாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
அதைச் சொல்லவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள். போட்டேன்.