குனியாத நெற்றி

13 ஜூலை, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: என் மகன் பெர்னார்ட், மருமகள் மோனிக்கா, அவள் தம்பி மேத்யூ, பேத்தி கிறிஸ்டல், நான் அமலம்மாள். சுவரில் மாலை போட்ட படத்தில் என் வீட்டுக்காரர். அவர் பேரை நான் வாயால் சொன்னதுமில்லை, கையால் எழுதினதுமில்லை.

மேத்யூ கோழிக்காலைக் கடித்தபடி, "காலையில கொம்தார் மால்ல கிறிஸ்டல பாத்தேன் அத்தான். கூட ஒரு பையன்" என்றான். அது கோயிலில் மறைக்கல்வி வகுப்பு நடக்கிற நேரம்.

"நான் கிளாஸ்லதான்பா இருந்தேன்."

பெர்னார்ட் எழுந்து அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டான். பரவாயில்லை, இவனுக்கும் கை இருக்கிறதே என்று நினைத்தேன்.

14 ஜூலை

மறைக்கல்வி டீச்சர் போன் செய்தாள். கிறிஸ்டல் வகுப்பில்தான் இருந்தாளாம். முடிந்தபின் நாற்காலி எல்லாம் அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினாளாம். "அப்ப அது வேற பிள்ளை போல லா" என்று மேத்யூ போனில் சிரிக்கிறான். கண் எதற்கு இவனுக்கு? கோழிக்காலைப் பார்க்கவா?

சாயங்கால ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் கைகூப்பி, "தோத்திரம்" சொல்லிக் குனிய வேண்டும். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் முறை. கிறிஸ்டல் என்னிடம் வந்தாள், அம்மாவிடம் போனாள். அப்பனைத் தாண்டி அறைக்குள் போய்விட்டாள்.

16 ஜூலை

இன்றும் குனியவில்லை. பெர்னார்ட் பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். "பிடரியப் புடிச்சு அமுக்குடா" என்றேன். "அப்படி வாங்கினா அது ஆசீர்வாதம் இல்லம்மா" என்றான். தூ.

19 ஜூலை, சனி

கோயிலில் பெற்றோர் கூட்டமாம், போய் வந்தான். கல்யாணமே கட்டாத சாமியார் பிள்ளை வளர்ப்பு சொல்லித் தருகிறார். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்குகிற இவன் தலையாட்டிக் கேட்கிறான். பிள்ளை நம்முடையது இல்லையாம், ஆண்டவர் நம்மிடம் கொடுத்து வைத்ததாம். இடுப்பு வலித்தது யாருக்கு? ஆண்டவருக்கா?

இவன் அப்பாவைப் பார்த்துப் படிக்க வேண்டும். இவனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அவருடைய கைக்கடிகாரத்தைக் காணோம். இவன்தான் எடுத்தான் என்று பெல்ட்டை உருவினார். மறுநாள் அவர் சாப்பாட்டுப் பையிலேயே கிடந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வார்த்தை இல்லை. அது ஆம்பிளை!

அன்றிலிருந்து இவன் அப்பாவிடம் தோத்திரம் வாங்கவில்லை. அவரைப் பெட்டியில் கிடத்தி, எல்லோரும் நெற்றியைத் தொட்டு முத்தமிட்டபோதும் வரவில்லை. வாசல் கேட் பக்கம் நின்றான். ஊரே பார்த்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

மேத்யூவையும் வரவழைத்தான். அதே மேசை, அதே ஆட்கள்.

"எல்லார் முன்னாடியும் அடிச்சேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ உண்மையத்தான் சொன்ன கிறிஸ்டல், நான் நம்பல. அப்பா பண்ணது தப்பு. மன்னிச்சிரு."

கரண்டியை மேசையில் போட்டேன். "பெத்தவன் பிள்ளைகிட்ட கெஞ்சுறதா? நாளைக்கு தலையில ஏறி உக்காருவா!"

"தெனம் ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேக்குறேன்லம்மா. பிள்ளைகிட்ட கேக்க மட்டும் எனக்கென்ன கேடு?"

கிறிஸ்டல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கிடைத்ததா மரியாதை? நன்றாகக் கிடைத்தது.

21 ஜூலை

குனியவில்லை. இவனும் விரலை இறக்கவில்லை. மானங்கெட்டவன்.

26 ஜூலை, சனி

புக்கிட் மெர்தாஜாம், அன்னம்மாள் திருவிழா. நசுங்கிச் சாகிற கூட்டம். மெழுகுவர்த்தி ஏற்றித் திரும்பினோம். அங்கே, அத்தனை பேருக்கு நடுவில், கிறிஸ்டல் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"தோத்திரம்பா."

மெழுகு ஒட்டின விரலாலேயே சிலுவை போட்டான். அத்தோடு விட்டானா? "நீயும் எனக்குப் போடு" என்று அவள் முன்னால் தலையைக் குனிந்தான்.

"ஐயோப்பா, ஆளுங்க பாக்குறாங்க லா!"

"பாக்கட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். தலை நரைத்தவன் அழுகிறான். சீ என்றுதான் எனக்கு முதலில் வந்தது.

பிறகு அந்த நெற்றியைப் பார்த்தேன். பன்னிரண்டு வயசுக்குப் பிறகு பெற்ற அப்பனுக்குக் குனியாத நெற்றி. அன்றைக்குக் கடிகாரத்தைக் கட்டும்போதே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தப்பு என் மேலடா — அவ்வளவுதானே? சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? இவன் பெட்டியருகே வந்திருப்பான். ஊர் பார்த்துச் சிரித்திருக்காது. நானும் பெற்ற பிள்ளை மேல் இத்தனை காலம் கறுவிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

பெர்னார்ட் மேல் இருந்ததை விட்டுவிட்டேன். மேத்யூவையும் விட்டேன், அவன் வெறும் மடையன். இறந்தவர்கள் திருநாளுக்கு என் வீட்டுக்காரர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பூவும் வைப்பேன். அவரை மன்னிக்க மட்டும் மாட்டேன்.

பேரை எழுதுகிறேன்.

சூசைநாதன்.