சுமதி படுத்திருந்த சாக்கு

ஏனுங்க மாமா,

நீங்கள் போய் ஒன்றரை வருசம் ஆகிவிட்டது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் உங்கள் கம்பெனிக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்திருக்கிறேன். நம்புவீர்களா?

போன வாரம் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். பிரேக் லைனிங் செய்யப் புது மெஷின் வந்திருக்கிறதாம். "இருவத்திரண்டு வருசம் பொடி கலக்குற எடத்துல நின்ன மனுசனோட ஊட்டுக்காரம்மா, நீங்கதானுங்க வந்து வெளக்கேத்தோணும்" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. தாலி அறுத்தவள் எதிரே வந்தால் தாம்பூலத் தட்டை வேறு பக்கம் திருப்புகிற ஊர் இது. உங்கள் தங்கச்சியே தன் மகள் சீருக்கு என்னைக் கடைசி வரிசையில்தான் உட்காரவைத்தாள். இவர்கள் மட்டும் தேடிவந்து கூப்பிடுகிறார்கள் என்றால்? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் ஞாபகம் வந்தது.

சுமதியிடம் கேட்டேன். நம் பெண் இப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாள். பிரேக்கைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டாள். "பழைய லைனிங்ல கல்நார், அதானுங்க ஆஸ்பெஸ்டாஸ், கலந்தாங்கம்மா. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராதுங்க. புதுசுல அது இல்லீங்க. ஊட்டியிலிருந்து வண்டி எறங்கறப்ப சூடேறுனாலும் புடி வுடாது" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "அப்பா அதை ஊட்டுக்கு ஏதாச்சும் கொண்டாந்தாருங்களா?"

"இல்லெ கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

கல்நார் வந்த சாக்குகளை நீங்கள்தானே கொண்டுவந்தீர்கள்? கெட்டிச் சாக்கு, வீணாய்ப் போகிறதே என்று. நான் வாசலில் நின்று நன்றாக உதறி, கல்லில் அடித்துத் துவைத்து, ஒன்றில் மிளகாய் காயப்போட்டேன். இன்னொன்றை நாலாய் மடித்துச் சுமதிக்குப் படுக்கையாக்கினேன். மூன்று வயது வரைக்கும் அதில்தான் தூங்கினாள்.

இன்றைக்கு விழாவுக்குப் போனேன். வண்டிக் கம்பெனி இன்ஜினியர்கள், போட்டோக்காரர், ஒரே கூட்டம். முதலாளி மெழுகுவத்தியை என் கையில் கொடுத்தார். நான் விளக்கேற்றாமல் கேட்டேன்: "ஏனுங்க, பழைய பொடியை எதுக்குங்க நிறுத்திப்போட்டீங்க?"

அவர் சிரித்தார். "கல்நார் இருந்தா வெளிநாட்டுக்காரங்க வாங்கமாட்டேங்கறாங்கம்மா."

எவ்வளவு சுளுவாகச் சொல்கிறார் பாருங்கள். வாங்குகிறவனுக்கு ஆகாதது கலக்குகிறவனுக்கு மட்டும் ஆகுமா? நீங்கள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, "பீடி குடிச்சிருப்பாரு" என்று சொன்னதும் இதே வாய்தான். நீங்கள் பீடியைக் கையால் தொட்டவரில்லை.

"அப்பொ எங்கூட்டுக்காரருக்கு வந்த நோவு எதுனாலீங்க?" என்றேன்.

"நல்ல நேரம் போகுதுங்கம்மா, வெளக்க ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். புது மெஷின் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும் என்றுதான் ஏற்றினேன்.

திரும்பும்போது உங்களோடு வேலை பார்த்த பழனிசாமி அண்ணன் கேட் வரைக்கும் வந்தார். "அம்மணி, அவரு ரொம்ப வருசத்துக்கு முன்னாடியே எங்களையெல்லாம் மூஞ்சிக்குத் துண்டு கட்டச் சொல்லிச் சத்தம் போடுவாரு. இந்தத் தூசி ஆகாதுடாம்பாரு" என்றார்.

முதலாளி மேல் இருந்த சந்தேகம் பஸ்ஸில் வருகிறபோது உங்கள் பக்கம் திரும்பிவிட்டது மாமா. எலி வருகிறதென்று ஒருநாள் அத்தனை சாக்கையும் வேலியோரம் குழிதோண்டிப் புதைத்தீர்களே, இரண்டு பூனை வளர்த்த வீட்டில் எலி ஏது? அதற்கப்புறம் உங்கள் சட்டையை என்னைத் துவைக்க விடவில்லை. கம்பெனிக் குழாயிலேயே குளித்துவிட்டு வந்தீர்கள். எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு பேசினேன்.

எத்தனை வருசமாய்த் தெரியும்? நான் பயந்துபோவேன் என்றா மறைத்தீர்கள்? இல்லை, சாக்கைக் கொண்டுவந்தது உங்கள் கை என்பதாலா? எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், இல்லையே என்று அழுகையும் வருகிறது.

ஆனால் உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நானும் போன வாரம் சுமதியிடம் இல்லை என்று சொல்லி அதையேதானே செய்தேன். அவளை அதில் படுக்கவைத்தது என் கை.

சுமதி வந்துவிட்டாள். சமையற்கட்டில் வெங்காயம் அரிந்துகொண்டே இருமுகிறாள். சளி என்கிறாள். சளியாகத்தான் இருக்கும். ஆனாலும் இதுவரைக்கும் அவள் இருமலை நான் எண்ணியதில்லை, இப்போது எண்ணுகிறேன்.

இந்தக் காகிதத்தை மடித்து வைத்ததும் எழுந்துபோய் அவளிடம் சாக்கைப் பற்றிச் சொல்லிவிடுவேன். நாளைக் காலையில் கோயமுத்தூரில் நெஞ்சு டாக்டரிடம் இரண்டு பேரும் போகிறோம். அவர் என்ன சொன்னாலும் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்பேன். உங்கள் மேல் சத்தியம் மாமா. அவள் பயந்தாலும் சரி, என்னை வெறுத்தாலும் சரி, உங்களைப் போல நான் மறைக்கமாட்டேன்.

சுமதியின் அம்மா,
உங்கள் அத்தை மகள்
சரசு