முந்நூற்றுப் பதினொரு பேர்

ஜூலை 9

எண்ணும்போது மசுயா ஐயா விரலை நீட்டுகிறார். காலையில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். விரல் போகும் பக்கமெல்லாம் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு நோலாரி அக்கா மகனைத் தன் போர்வைக்குள் இழுத்து மூடினாள். ஐயா மலைப்பக்கத்து ஆள், எங்கள் மாசாய் பேச்சு தெரியாது. மாவட்ட விவரப் புத்தகத்துக்காக வந்திருக்கிறார் – எத்தனை வீடு, எத்தனை ஆள், எத்தனை மாடு, தண்ணீர் எவ்வளவு தூரம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாலும் எனக்கு அரசாங்க மொழியான சுவாஹிலி எழுத வரும். அதனால் நான்தான் கேட்டு எழுத வேண்டுமாம். அவர் முன்னால் எனக்குக் குரலே வருவதில்லை.

ஜூலை 10

யாருமே சரியாகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பிள்ளைகளை எண்ணினால் கெட்ட ஆவியின் காதில் விழுந்து, அது பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்பார்கள்.

"எத்தனை பிள்ளைங்களா? அடியே நசியேகு, உனக்குத் தெரியாதா? தெனமும் உன் தோள்லதான ஏறி ஆடுதுங்க!" என்றாள் நோலாரி அக்கா.

"ஐயா கேக்குறாருக்கா."

"அவருக்கு மூணு போதும். எழுதிக்க."

அவளுக்கு ஐந்து. மூன்று என்று எழுதினேன்.

அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மா "ரெண்டு" என்றாள். நானும் தம்பி பர்சலோயும். மூன்று வயதுத் தங்கை நைபனோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஐயா தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டுதானா?" என்று என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன்.

ஜூலை 12

வேலை முடிந்தது. ஒரு சோப்பும் சர்க்கரைப் பொட்டலமும் கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 21

கிணறு வற்றிவிட்டது.

செப்டம்பர் 4

மாவட்டத்திலிருந்து தண்ணீர் லாரி வந்தது. இனி வியாழன்தோறும் வருமாம். டிரைவர் கையில் என் தாள்களைப் பார்த்து எடுத்த பட்டியல். எங்கள் ஊரில் முந்நூற்றுப் பதினொரு பேர். ஐந்நூறுக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். தலைக்கு ஒரு கேன், ஒரு வாரத்துக்கு. எங்கள் வீட்டுக்கு மூன்று – அம்மாவுக்கு, எனக்கு, தம்பிக்கு.

நோலாரி அக்கா டிரைவரைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்கு அஞ்சுதானா? மத்ததுங்க என்ன, ஆட்டுக்குட்டியா?"

"நீங்க சொன்னதுதாம்மா. தாள்ல இருக்கு பாருங்க."

"அப்ப அந்தத் தாளையே பிழிஞ்சு குடுய்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேன் சுமக்கக் கூட்டிவந்த கழுதைக்குப் பின்னால் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 10

கேன்கள் ஐந்தாம் நாளே காலி. ஆற்று மணலில் குழி தோண்டி எடுக்கிறோம். மாடுகளும் அதே குழியில்தான் இறங்குகின்றன. துணியில் வடிகட்டுகிறேன். விறகு கிடைத்தால் காய்ச்சுகிறேன். நேற்று கிடைக்கவில்லை.

செப்டம்பர் 17

நைபனோய்க்கு வயிற்றுப்போக்கு.

செப்டம்பர் 18

கண் உள்ளே போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் கக்குகிறாள். மருந்தகம் நான்கு மணி நேர நடை. விடிவதற்கு முன்பே அம்மா முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாடுகளைப் பார்க்க என்னை விட்டுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 19

பாதி வழியிலேயே.

செப்டம்பர் 24

போனவர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. எழுதலாமா? யாரைக் கேட்பது? எழுதவில்லை.

அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள். "நீ மனசுக்குள்ள எண்ணினியா?"

நான் கேனை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். எண்ணினேம்மா. மூணுன்னு எண்ணினேன், ரெண்டுன்னு எழுதினேன். இதுல எதும்மா அவளைக் கொண்டுபோச்சு?

இப்போ அந்தத் தாள்ல தப்பே இல்ல.

அக்டோபர் 2

லாரி கிளம்பும்போது டிரைவரிடம் போனேன். "தாளை மாத்த முடியுமா?"

"என்னம்மா? சத்தமாப் பேசு."

இன்னொரு தடவை சொன்னேன். ஒவ்வொரு வீட்டுக்கும் சரியாக எழுதிக் கொடுத்தால் மசுயா ஐயாவிடம் சேர்ப்பதாகச் சொன்னார். அடுத்த வியாழன் வருவார். யார் எனக்குச் சரியாகச் சொல்லப்போகிறார்கள்?

அக்டோபர் 5

மூன்று நாள் யோசித்தேன். இன்று காலை நோலாரி அக்கா டீ போடும் நேரமாகப் பார்த்துப் போனேன்.

"அக்கா, காலையில எத்தனை கோப்பை ஊத்துவீங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டீப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு, "கோப்பையை எண்ணினா கோப்பைதான உடையும்," என்றாள். "எட்டு. என் புருஷன், அந்த எருமை மட்டும் ரெண்டு குடிக்கும்."

"ஆளுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கலாங்க்கா."

"அப்ப ஏழு."

அவளே அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்க் கத்தினாள். "ஏய், கோப்பையெல்லாம் வெளிய எடுத்து வைங்கடி, இந்தப் பொண்ணு பாக்கணுமாம்!"

அக்டோபர் 9

நேற்று இருட்டுவதற்குள் எல்லா வீடும் முடிந்தது. எங்கள் வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். இன்று காலை அம்மா நான் கேட்காமலே கோப்பைகளை எடுத்து வைத்தாள். நான்கு. நான்காவது சின்னது, நீலம். அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று என்று எழுதினேன். கூட்டினேன் – ஐந்நூற்று எழுபத்தாறு. தாளின் தலைப்பில் 'கோப்பை' என்று இருந்ததை அடித்துவிட்டு 'ஆட்கள்' என்று எழுதினேன். மடித்து எடுத்துக்கொண்டு லாரி வரும் இடத்துக்கு நடந்தேன்.