இரணைமடுவில் சொன்ன வருமானம்

கிளிநொச்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா உங்களைச் சுகமாக வைத்திருப்பா என்று நம்புகிறேன். தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்காததால் எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி?

தொலைக்கல்வியில் செய்யும் பொருளாதாரக் கலாநிதிப் பட்டத்துக்காக, இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கும் குடும்பங்களிடம், நான் வேலை செய்யும் அரச கந்தோரின் ஜீப்பில் போய், வருமானம் கேட்டு எழுதி வந்தேன் அல்லவா? தரவுகள் மிக நன்று என்று பேராசிரியர் கணினித் திரையில் பாராட்டினார். மறுநாள் கரையில் மீன் வெட்டித் தந்த தவமணி சிரித்தா.

"நீங்கள் கந்தோர் ஜீப்பில வந்தனீங்கள், மிஸ். நிவாரணத்துக்குப் பதியிறியள் எண்டு எல்லாரும் குறைச்சுத்தான் சொன்னனாங்கள். வேற ஆர் வந்தாலும் அப்பிடித்தான். நீங்கள் பாஸ் பண்ணினால் காணும்தானே?"

நானும் சிரித்தேன். நான் சொல்லாவிட்டால் பேராசிரியருக்குத் தெரியவராது. ஆனாலும் நேற்று அவருக்கு உண்மையை எழுதிவிட்டேன். இனி ஜீப்பை விட்டு, நிவாரணத்துக்கு அல்ல என்று விளக்கிச் சொல்லி, எல்லோரிடமும் முதலிலிருந்து கேட்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வர முடியாது, பட்டமும் தள்ளிப்போகும்.

நீங்கள் இப்போது போடாத ரேடியோவை யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுங்கள். அறையில் ஒரு குரல் கேட்டால் நல்லது.

தபாற்கந்தோரைப் பூட்டப் போகிறார்கள். மருந்துக் குளிசைகளை விடாமல் போடுங்கள், அப்பா. பட்டமளிப்புக்கு நீங்கள் வர வேண்டும்.

மகள்
றெஜீனா