எல்லாரும் சும்மா வாங்க

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நோகிறது, அம்மாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது, இரண்டையும் நோயில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டுத் தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை என்று மறுநாள் நீ அம்மாவிடம் போட்ட சத்தம் கீழே என் கண்ணாடிக் கடை வரைக்கும் கேட்டது. நியாயமான சத்தம்தான். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் எனக்குச் சிரிப்பு வந்து விடுகிறது, அம்மா போனைப் பிடுங்கி அவள் பங்குக்குத் தொடங்குகிறாள், அவளுக்கும் சிரிப்பு வந்து விடுகிறது, உனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதனால்தான் கடையை அரை மணி முன்னால் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உனக்குத் தெரியாத ஒரு விஷயம். எங்களுக்கென்று நீ ஓர் அறையை ஒழித்து, பெயிண்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருக்கிறாயே, அங்கே வந்துவிட அம்மா எப்போதோ தயார். இழுத்தடித்தது நான்தான். கடையை விட்டுவிட்டு அங்கே வந்து யார் கண்ணுக்கு என்ன பவர் என்று பார்ப்பேன் சொல்லு? அவளுக்கு இங்கே ஒரே குறை. எட்டு வீட்டுக் கட்டடத்தில் நாலு வருஷமாக இருக்கிறோம், பேச ஒரு ஆள் கிடையாது. நாம போனா லிஃப்டுக்கு மட்டும்தான் தெரியும், ரெண்டு ஆள் எடை குறைஞ்சுதுன்னு, என்பாள். அதிலும் எதிர்வீட்டு நீச்சல் டீச்சர் மேல்தான் அவளுக்கு மகா கோபம். வாயெல்லாம் பல்லாக இவள் சிரிப்பாளாம், அந்த அம்மா சுவரைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாளாம். போன மாதம் ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஒரு தடவை எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். கூப்பிடுங்க, நாலு வீட்டு ஆளாவது வந்தா நான் இங்கேயே இருக்கேன், வரலேன்னா அன்னைக்கே பொண்ணுகிட்ட டிக்கெட் போடச் சொல்லிடணும், அப்புறம் பேச்சு மாறக்கூடாது என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாலு வீடு தேறுமா என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன்.

அழைப்பு எழுத வேண்டுமே. எட்டு வீட்டுக்கு எட்டுப் பாஷை, எதில் எழுதினாலும் ஏழு வீட்டுக்கு விளங்காது. எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் தெரிந்ததெல்லாம் கடைப் பேச்சு. இது தெரியுதா, இப்போ தெரியுதா, முதலில் பார்த்தது நல்லா இருந்ததா இதுவா. அதை வைத்து யாரை விருந்துக்குக் கூப்பிடுவது? அதனால் தமிழிலேயே கொட்டை எழுத்தில் எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். போனைக் காட்டினால் அதுவே அவரவர் பாஷையில் சொல்லிவிடுமே, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். எழுதியது ஒரே வரி. 'ஞாயிறு மாலை ஐந்து மணி, மொட்டைமாடிக்கு எல்லாரும் சும்மா வாங்க.' இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது, நீயே சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே நம் வீட்டு நாற்காலி, கடை நாற்காலி, கண் பரிசோதனை ஸ்டூல் என்று பன்னிரண்டு உருப்படியைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வட்டமாகப் போட்டேன். அம்மா பிளாஸ்க் நிறைய டீ போட்டாள், பந்தயத்தில் தோற்றாலும் டீ ருசியாக இருக்க வேண்டும் அவளுக்கு. ஐந்து அடிக்கும்போது படியில் திபுதிபுவென்று காலடிச் சத்தம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. முதல் ஆள் கீழ்த்தளத்து பேக்கரிக்காரர், என் கணக்கில் பிளஸ் டூ. படிப்பைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, அது அவர் கண்ணாடி பவர், எனக்கு இந்தக் கட்டடத்தில் எல்லாரையும் அப்படித்தான் தெரியும். அவர் பின்னால் மனைவி, மாமியார், அதன் பின்னால் மேல்வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லார் கையிலும் பெரிய பெரிய பைகள். ஒருவர் கயிறுகூடக் கொண்டு வந்திருந்தார். டீ குடிக்கக் கயிறு எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் பேக்கரிக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கண் கலங்கினார், கட்டிக்கொண்டார். அப்புறம் நம் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்துவிட்டார்!

அம்மாடி, அந்தக் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு நாற்காலி போனதும் இன்னொன்று, அதன் பின்னால் ஸ்டூல். அவருடைய மாமியார் பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டீயோடு பைக்குள் வைத்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்துத் தலையாட்டி நன்றி சொல்லிவிட்டுத்தான் எடுக்கிறார்கள், அந்த மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. நானும் அசடு வழியப் பதிலுக்குத் தலையாட்டிக்கொண்டே நிற்கிறேன். உன் அம்மா விடுவாளா? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே பாய்ச்சல், நாற்காலியின் இரண்டு காலை அவள் பிடித்தாள், இரண்டு காலை பேக்கரிக்காரர் பிடித்தார். அவள் தமிழில் கத்துகிறாள், அவர் அவர் பாஷையில் ரொம்பப் பணிவாக ஏதோ விளக்குகிறார், நாற்காலி நடுவில் ஊஞ்சலாடுகிறது. கடைசியில் அவர் ஒரு கையால் போனை எடுத்து என் அழைப்பு அவர் பாஷையில் எப்படி வந்தது என்று காட்டி, அதையே மறுபடி தமிழாக்கி என்னிடம் நீட்டினார். 'மொட்டையரின் மாடி. ஞாயிறு ஐந்து மணி. அனைவரும் அனைத்தையும் இலவசமாக வாங்கவும்.' இந்தக் கட்டடத்தில் மொட்டை நான் ஒருவன்தான். மொட்டையர் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கேயோ போகிறார், போகிற போக்கில் சாமானையெல்லாம் தானம் பண்ணுகிறார் என்று ஏழு வீடும் முடிவு கட்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. இவங்க நம்மைப் பார்க்கவா வந்தாங்க, ஓசின்னா எனக்கொண்ணு எங்கப்பனுக்கு ஒண்ணுன்னு வந்தாங்க, இதையெல்லாம் நாலு வீட்டுக் கணக்கிலே சேர்க்கக்கூடாது, பொண்ணுக்குப் போன் போடுங்க என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான், எனக்குத்தான் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அப்போதுதான் நீச்சல் டீச்சர் படியேறி வந்தாள். கையில் பை இல்லை, கயிறு இல்லை. ஈரத்தலையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்து, நாலாவதாக அம்மாவைக் கண்டுபிடித்து, போனை நீட்டினாள். அந்தப் போன் பேசியது பார், அட்சரம் பிசகாத சுத்தத் தமிழ். 'வணக்கம். தாங்கள் ஏன் செல்கிறீர்கள். தயவுசெய்து செல்ல வேண்டாம். ஞாயிறு ஆறு மணிக்குத் தாங்கள் மகளுடன் உரையாடிச் சிரிப்பது என் கதவருகில் கேட்கும். என் மகளும் தொலைவில் இருக்கிறாள். அவள் அழைப்பதில்லை. தாங்கள் சிரிக்கும்போது நானும் அங்கே அமர்ந்துகொள்வேன்.' அம்மா நாற்காலியை விட்டுவிட்டாள். பேக்கரிக்காரர் பிடி நழுவித் தடாலென்று அதே நாற்காலியோடு தரையில் உட்கார்ந்தார், அவரைக் கவனிக்க ஆளில்லை. உன் அம்மா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஏம்மா நாலு வருஷமா என்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரிக்கலே என்று தமிழிலேயே கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கண் மைனஸ் ஆறு! குளத்துக்குக் கண்ணாடி ஆகாதே, கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்படியே வீடு திரும்புகிற பழக்கம். அந்தக் கண்ணுக்கு நம் வாசலில் ஆள் நிற்பது தெரிவதே பெரிது, இதில் உன் அம்மாவின் சிரிப்பு எங்கே தெரியப் போகிறது? இதை நான் சொன்னதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்ததே நீங்கதானே, நாலு வருஷமா நான் தலையிலே அடிச்சுக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ஆரம்பித்தாளே பார்க்கலாம்! மொழி தெரியாத ஏழு வீட்டுக்காரர்களுக்கும் அவள் என்ன சொல்கிறாள் என்பது தெளிவாக விளங்கிவிட்டது. கட்டியவளிடம் திட்டு வாங்குவது எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான் போலிருக்கிறது, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் என்ன, போன நாற்காலியெல்லாம் திரும்பி வந்தது, கூடவே அவரவர் வீட்டு நாற்காலியும் வந்தது. பேக்கரிக்காரர் ஒரு கூடை ரொட்டியோடு வந்தார். மாமியாரின் பையிலிருந்து பிளாஸ்க் வெளியே வந்து எல்லாருக்கும் டீ ஊற்றப்பட்டது, அந்த அம்மா கைப்படவே ஊற்றினார். எனக்கு இப்போது கட்டடம் முழுக்க 'மொட்டையர்' என்றுதான் பெயர், படியில் பார்த்தால் வணக்கம் மொட்டையர் என்கிறார்கள், மரியாதை விகுதி போட்டுக் கூப்பிடுவதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. உன் போன் அடித்தபோது அது சமையலறையில் கிடந்தது, அம்மா மாடியில் நீச்சல் டீச்சருக்கு உன் கல்யாணக் கதையைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி ஞாயிறு ஆறு மணிக்கு நீ கூப்பிட்டால் இரண்டு அம்மாக்கள் எடுப்பார்கள், சத்தத்துக்குத் தயாராக இரு.

திங்கட்கிழமை காலை மெதுவாகக் கேட்டேன், பொண்ணுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று. மாவு பிசைந்த கையோடு என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. அவ ஆசையா ரூம் போட்டு வச்சிருக்கா, கண்டிப்பாப் போயிட்டு வரணும் என்றாள். ஒரு வருஷமாகப் போயிடலாம் போயிடலாம் என்று நச்சரித்தவள், போயிட்டு வரணும் என்கிறாள். உனக்கு இது வருத்தம் என்று தெரியும் கண்ணு. எனக்கும் நீ பெயிண்ட் அடித்து வைத்த அந்த அறையை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் அந்த 'வரணும்' காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, பெற்ற பெண்ணிடம் அதை மறைக்கத் தெரியவில்லை.

உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்காதே, கீறல் விழும். குட்டிக்கு இந்த மாதமே கண் பரிசோதனை செய்து நம்பரை எழுதி அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இரண்டு வார விருந்தாளியாக வரப்போகும்,
உன் அப்பா (மொட்டையர்)