டெம்ப் டெஸ்ட் 2 என்றொரு ஃபோல்டர்

செவ்வாய் தளம், நாள் 212 – 08:10
பதிவு: உலகம்மாள், மண் ஆய்வு

காற்று சரி. தண்ணீர் சரி. தளத்தில் நான் ஒருத்திதான். சாதிக் இடுப்பெலும்பு முறிந்து வடக்குக் குடிலில் கிடக்கிறான், வண்டியும் அங்கேதான் நிற்கிறது. அவனைத் தூக்கிவர மேலே சுற்றும் கலத்திலிருந்து நாளை ஆட்கள் இறங்குகிறார்கள்.

குடிலின் ஆக்சிஜன் வால்வைத் திறந்து மூடுவது, இங்கே சர்வரில் ஓடும், அவன் எழுதிய பைத்தான் நோட்புக் நிரல். அங்கிருந்த கட்டுப்பாட்டுப் பலகை எரிந்தபோது, "ரெண்டு நாளைக்குத்தான்" என்று எழுதினான். மூன்று மாதம் ஆகிறது. நம் ஆட்களின் இரண்டு நாள் எப்போதும் இப்படித்தான்.

ரேடியோவைத் திறந்தே வைத்திருக்கிறேன். வால்வு திறக்கும்போதெல்லாம் டிக் என்று கேட்கிறது.

"உலகுக்கா, வலிக்கு ஊசி போட்டுக்கிட்டேன். இந்த டிக் டிக்கைக் கேட்டுட்டே தூங்கிடறேன்."

09:40

நேற்று ஓடிய என் மண் நோட்புக், அதற்குத் தேவையான துணை நிரல்கள் அடங்கிய லைப்ரரி இல்லை என்கிறது இன்று. இன்ஸ்டால் செய்தேன், ஆயிற்று என்றது. ஓட்டினேன், இல்லை என்றது. நான் வைப்பது ஓரிடம், நோட்புக்கை ஓட்டும் கெர்னல் தேடுவது வேறிடம். எரிச்சலாக வருகிறது. பூமிக்குப் புகார் டிக்கெட் ஒன்று அனுப்பினேன். போய்ச் சேரப் பதினெட்டு நிமிடம்.

10:09

கெர்னலின் பெயர் ‘மண்’ என்றிருக்கிறது. அது வெறும் லேபிள். எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தால் ‘டெம்ப் டெஸ்ட் 2’. சாதிக் உருவாக்கியது, எனக்கும் அதையே இணைத்துவிட்டிருக்கிறான்.

அந்த ஃபோல்டர் இப்போது இல்லை. டிஸ்க் நிறைந்துவிட்டதென்று பூமியிலிருந்து எங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெனடிக்ட் அண்ணன் காலையில் சுத்தம் செய்திருக்கிறார். தற்காலிகச் சோதனை என்று பெயர் வைத்தால் யார்தான் அழிக்க மாட்டார்கள்?

10:12

வால்வு நோட்புக்கும் அதே ஃபோல்டர்தான்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் முன்பே நினைவகத்தில் ஏற்றிவிட்டதால் ஓடுகிறது. தீப்பெட்டி தொலைந்த பிறகும் அடுப்பு எரிகிற மாதிரி. அணைத்தால் திரும்பப் பற்றவைக்க முடியாது.

அனுப்பியது: "அண்ணா, எந்த கெர்னலையும் ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க. சாதிக்கோட மூச்சே அதுலதான் ஓடுது."

10:18

பூமியிலிருந்து, 10:00-க்கு அனுப்பியது: "தங்கச்சி, டிக்கெட் பாத்தேன். சாப்டியாம்மா? க்ளீன் பண்ணதுல ஏதோ ஏடாகூடமாயிருக்கும். உன்னை ஏன் அலைய விடணும், எல்லா கெர்னலையும் நானே ரீஸ்டார்ட் போட்டுட்டேன். கமாண்டும் இதோடவே வருது. சரியாயிடுச்சுன்னா ஒரு வரி போடு, டிக்கெட்டை மூடிடறேன்."

என் செய்தி இன்னும் வழியில்தான் இருக்கிறது.

டிக் நின்றுவிட்டது.

10:48

கெர்னல் எழவில்லை. வால்வோடு பேசத் தெரிந்த லைப்ரரி அந்த ஃபோல்டரில் மட்டும்தான் இருந்தது. குடிலில் மிச்சமிருக்கும் காற்று மதியம்வரை வரும். கையால் திருப்பும் சக்கரம் வெளிச்சுவரில் இருக்கிறது, அவனால் எழ முடியாது. உடையை மாட்டினேன், கழற்றினேன். நடந்தால் இரவாகிவிடும். அந்தக் கமாண்ட் வந்து சேருமுன் ஆன்டெனாவையாவது பிடுங்கியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது.

பூமியிலிருந்து: "ஐயோ, இப்பதான் உன் மெசேஜ் வந்துச்சு. என்ன காரியம் பண்ணிட்டேன்... லைப்ரரியை அனுப்பறேன்மா. பெரிய ஃபைல், வந்து சேர சாயங்காலம் ஆயிடும். சாதிக் முழிச்சிருக்கானா?"

அழுகை வரவில்லை.

11:05

"உலகுக்கா, அந்த சத்தம் நின்னுபோச்சே, முழிச்சிட்டேன். ஏதாச்சும் மாத்துனீங்களா?"

பேனாவை எடுத்து மைக்கில் தட்டினேன். கொஞ்சம் விட்டு மறுபடி தட்டினேன்.

"ம்... இப்ப கேக்குது. தேங்க்ஸ்க்கா."

11:40

ஒரு கையால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தூங்கிவிட்டான். மூச்சு கேட்கிறது.

13:20

மூச்சு கேட்கவில்லை.

இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.